போர் தண்ணீரால் குளியலறைக் குழாய் அடைக்கிறது: ஆசிட் ஊற்றலாமா?

கேள்வி:
வணக்கம். சென்னையின் தெற்குப் புறநகரில், போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில், மொத்தக் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 540 மில்லிகிராம் என்று வந்தது. குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பின் சல்லடையைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில் வழவழப்பான பசையும், அதன் அடியில் குழாய்ச் சுவரோடு இறுகிய வெள்ளைப் படிவும் தெரிகின்றன. காஸ்டிக் சோடா போட்டால் சில நாள் தண்ணீர் ஓடுகிறது. பிறகு மறுபடியும் தேங்குகிறது. ஆசிட் ஊற்றலாமா?

பதில் 1:
ஐயா, நீங்கள் பார்த்தவை வெவ்வேறு பொருள்கள். ஒரே மருந்து இரண்டுக்கும் கேட்காது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் கரையாத கசடுதான் அந்தப் பசை. உதிர்ந்த தலைமுடி அதில் சிக்கி அடைப்பாகிறது. வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காஸ்டிக் சோடா முடியையும் எண்ணெயையும் அரிக்குமே தவிர, இந்தப் படிவை அசைக்காது. சமையலறை சிங்கிலோ அது எண்ணெயைச் சோப்பாக்க, அந்தச் சோப்பு உங்கள் தண்ணீரோடு சேர்ந்து கெட்டிக் கசடாகிக் குழாயில் இன்னும் ஆழத்தில் போய் உட்காரும்.

பதில் 2:
கழிப்பறை கழுவும் கடும் ஆசிட் தயவுசெய்து வேண்டாம். படிவு கரையும் என்பது உண்மைதான். ஆனால் மொசைக் தரையும் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட்டும் சேர்ந்தே அரிக்கப்படும். காஸ்டிக் மிச்சமிருக்கும் குழாயில் ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் வெளிப்படும் குளோரின் வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. கையுறை அணிந்து டிராப்பின் கப்பைக் கழற்றி, பசையை வழித்தெடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட்டில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். படிவு நுரைத்து இளகும். மறுநாள் பழைய பிரஷ்ஷால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். பிவிசி குழாயில் கொதிநீர் மட்டும் ஊற்ற வேண்டாம், இணைப்புகள் தளர்ந்துவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. குடியிருப்புக்குப் பொதுவாக வாட்டர் சாஃப்ட்னர் பொருத்துவது பற்றிச் சங்கத்தில் பேசுகிறார்கள். அதனால் பயனுண்டா?

பதில் 1:
நிச்சயம் உண்டு. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரையிலும் வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் இருந்தாலும் 540 என்பது குழாய்க்குச் சுமைதான். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுவதால் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பெரிய மாற்றம் தெரியாது. கடினத்தன்மையைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். உப்பு போட்டு, சாஃப்ட்னரில் கால்சியத்தைப் பிடிக்கும் ரெசினைப் புதுப்பிக்கும் வேலையை யார் கவனிப்பது என்பதையும் சங்கம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதுவரை, ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைக் குளியலறை கழுவப் பயன்படுத்தாதீர்கள். அது போர் தண்ணீரைவிடக் கடினமானது.