வானொலி ‘ஃபார்மட்’: வடிவமா, பாங்கா, வாடிக்கையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன வாரம் நான் போட்ட கேள்விக்கு ஏழெட்டு மறுமொழிகள் வந்துவிட்டன, எல்லாருக்கும் நன்றி. கேள்வி சின்னதுதான். நியூயார்க் வானொலி நிலையங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் ‘ஃபார்மட்’ என்ற சொல் பக்கத்துக்கு நாலு தடவை வந்து நிற்கிறது. ஒரு நிலையம் எதை, எப்படி, யாருக்காக ஒலிபரப்புகிறது என்ற ஏற்பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? முதலில் ‘வடிவம்’ என்று போட்டேன். “நிலையம் வடிவம் மாறியது” என்று எழுதிப் படித்தபோது, கட்டடத்தை இடித்துக் கட்டினார்களோ என்றுதான் எனக்கே தோன்றியது. கணினிக்காரர்கள் அந்தச் சொல்லைக் கோப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இசையோடு சேர்த்தால் படிப்பவருக்கு எம்பி3 நினைவுதான் வரும்.

> ‘இசை வகைமை’ போதுமே. ராக், டிஸ்கோ எல்லாம் வகைமைதானே?

போதாது ஐயா. நியூயார்க்கில் 770 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த டபிள்யூஏபிசி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 கடைசியிலிருந்து 1982 வரை அது ‘டாப் 40’ நிலையம். பீட்டில்ஸ் அமெரிக்கா வந்த 1964-இல் தன் பெயரையே ‘டபிள்யூ-ஏ-பீட்டில்-சி’ என்று சொல்லிக்கொண்ட நிலையம் அது. அதற்காக பீட்டில்ஸ் மட்டும் போடவில்லை. அடுத்து மோட்டவுன் நிறுவனத்தின் சோல் பாட்டு வரும், அதற்கடுத்து பழைய பாணிப் பாடகர் சினாட்ரா வருவார். மூன்றும் மூன்று வகைமை, ஆனால் ஃபார்மட் ஒன்றுதான். விற்பனையில் முன்னால் நிற்பது எதுவோ அதைப் போடு, முதலிடத்தில் இருப்பதை ஏறக்குறைய மணிக்கொரு தடவை போடு, நடுவில் அறிவிப்பாளர் பேச்சு துள்ளிக்கொண்டு போகட்டும்: அந்த ஏற்பாட்டுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். எந்தப் பாட்டு என்பது அதில் ஒரு பகுதி. எத்தனை முறை, யார் குரலில், எந்த வயதுக்காரருக்கு என்பதெல்லாம் மீதி.

> திணை! முதல், கரு, உரி எல்லாம் பொருந்தி வருகிறது பாருங்கள்.

பொருந்தத்தான் செய்கிறது. ராக் நிலையம் டிஸ்கோ பாட்டுப் போட்டால் திணைமயக்கம் என்றும் சொல்லிவிடலாம். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் விளம்பரம் பிடிக்கும் வியாபாரத்துக்குத் தொல்காப்பியரை இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

> ‘ஒலிப்பாங்கு’ என்றால் அழகாக இருக்கும்.

நானும் இரண்டு நாள் இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கீழக்கரை நண்பர் தனிமடலில் ஒரே வரி எழுதினார்: “எங்கள் ஊரில் பாங்கு ஒலித்தால் தொழுகைக்குக் கிளம்புவோம்.” அதோடு அந்தச் சொல் போயிற்று. வேறு துறையாக இருந்தால் சமாளிக்கலாம், ஒலிபரப்பில் முடியாது.

கச்சேரி மேடையிலிருந்து ‘பத்ததி’யை எடுக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடிக்கும் ஒழுங்குக்கு அரியக்குடி பத்ததி என்றே பெயர் இருக்கிறது, ஆகவே பொருள் நெருக்கமானதுதான். வடசொல் என்பது எனக்குப் பெரிய தடை இல்லை. ஆனால் பத்ததி மூன்று மணி நேரத்துக்குள் எது முன், எது பின் என்று சொல்வது. நமக்கு வேண்டியது வருஷக்கணக்கில் நீடித்து, ஒரு நாள் நண்பகலில் அறுந்துபோகும் ஒன்றுக்கான பெயர்.

டபிள்யூஏபிசி-யில் அறுந்தது 1982 மே 10, பகல் 12 மணிக்கு. அறிவிப்பாளர்கள் டான் இங்ராமும் ரான் லண்டியும் சேர்ந்து கடைசி இசை நிகழ்ச்சியை நடத்திவிட்டு எழுந்தார்கள், அதற்குப் பிறகு அங்கே பேச்சுத்தான். அலைவரிசை எண், 50,000 வாட், அழைப்புக்குறி எதுவும் மாறவில்லை. காலையில் கேட்டவருக்கு மதியம் அங்கே வேலை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். இதற்கு விதை நாலு வருஷம் முந்தி விழுந்தது. 1978 ஜூலையில் பண்பலை 92.3-இல் மென்மையான ராக் போட்டுக்கொண்டிருந்த டபிள்யூகேடியூ திடீரென்று டிஸ்கோவுக்கு மாறி, அந்த ஆண்டு இறுதி நேயர் கணக்கெடுப்பில் டபிள்யூஏபிசி-யைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. பயந்துபோன டபிள்யூஏபிசி தானும் டிஸ்கோவை அள்ளிப் போட, இருந்த பழைய கூட்டமும் கலைந்தது.

பழைய கூட்டம் என்று எழுதும்போதுதான் எனக்கு ‘வாடிக்கை’ என்ற சொல் தட்டுப்பட்டது. வழக்கமாகச் செய்வதும் வாடிக்கை, வழக்கமாக வருகிறவரும் வாடிக்கை. “அவர் நம்ம கடை வாடிக்கை” என்கிறோம் இல்லையா? நிலையம் வழக்கமாகப் போடுவது, அதை எதிர்பார்த்து வழக்கமாக வருகிற நேயர், இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ஃபார்மட் மாறும்போது இரண்டும் சேர்ந்துதான் போகின்றன.

இதற்கு நல்ல சான்று 101.1-இல் இருக்கும் டபிள்யூசிபிஎஸ் எஃப்எம். 1972-லிருந்து பழைய பாட்டுக்குப் பேர்போன இடம். கேட்டவர்களுக்கு வயதாகிக்கொண்டே போயிற்று. விளம்பரதாரர் கேட்பதோ 25-லிருந்து 54 வயது வரை. 2005 ஜூன் 3 அன்று, முன்னறிவிப்பு இல்லாமல், அது ‘ஜாக்’ ஆனது. அறிவிப்பாளர் கிடையாது, பாடல் பட்டியல் நீளம், “எங்களுக்குப் பிடித்ததைப் போடுவோம்” என்ற தோரணை. ஊரே திட்டியது. இரண்டு வருஷம் கழித்து 2007 ஜூலை 12 அன்று, 101.1 என்பதற்குப் பொருத்தமாகப் பகல் 1 மணி 1 நிமிடத்துக்கு, பழைய பாட்டு திரும்பி வந்தது. ஆனால் வந்தது அதே பாட்டு இல்லை. ஐம்பதுகளின் பாடல்கள் ஏறக்குறைய காணாமல் போய், எண்பதுகள் வரை ஏறி வந்திருந்தது. ‘பழைய பாட்டு’ என்ற பெயர்கூட மெல்ல உதிர்ந்தது. பாட்டை வைத்து வரையறுத்தால் இது வேறு ஃபார்மட். வந்து உட்காருகிறவரை வைத்துப் பார்த்தால் அதே கடைதான்.

எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள். ஏன் நமக்கு இப்படி ஒரு சொல் இதுவரை இல்லை என்பதையும் யோசித்துப் பார்க்கிறேன்.

--------

மறுமொழி:

ஐயா வணக்கம். ஒலிபரப்பில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எங்கள் அரசு வானொலி நிலையங்களில் அப்படி ஒரு சொல் தேவைப்படவே இல்லை. காலையில் பக்திப் பாடல், அப்புறம் செய்தி, வயலும் வாழ்வும், மதியம் மகளிர் நிகழ்ச்சி, இரவு நாடகம் அல்லது கச்சேரி. ஒரே நிலையத்தில் எல்லாப் பந்தியும். எது எத்தனை மணிக்கு என்று ‘ஃபிக்ஸட் பாயிண்ட் சார்ட்’ என்ற தாள் ஒன்று சுவரில் தொங்கும், அதுதான் எங்களுக்கு வேதம். நாள் முழுக்க ஒரே பண்டம் என்பது தனியார் பண்பலை வந்த பிறகு வந்தது. அவர்களுக்கும் சொந்தச் செய்தி நடத்த அனுமதி இல்லாததால் எல்லாரும் சினிமாப் பாட்டிலேயே குவிந்தார்கள். எல்லாக் கடையிலும் இட்லி என்றால் ‘இட்லிக் கடை’ என்று யார் போர்டு வைப்பார்கள்?

இப்போது ‘வாடிக்கை’. காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் “அவன் தாமதமாக வருவது வாடிக்கை” என்ற பொருள் குறுக்கே வராதா? அதோடு, சட்டப் பத்திரத்தில் எழுத முடியுமா? கலைச்சொல் என்றால் அந்தச் சோதனையையும் தாங்க வேண்டும். நாங்கள் ‘லிசனர்’ என்பதற்கு ‘நேயர்’ என்று எடுத்தபோது அது அன்பரைக் குறித்த சொல்தான். இன்று வானொலி தவிர வேறு நினைவே வருவதில்லை. ‘வாடிக்கை’ அப்படி ஊறுமா என்று எனக்குச் சந்தேகம்.

--------

ஐயா, ‘நேயர்’ உதாரணத்தை எனக்கு எதிராகக் கொடுத்து எனக்கே உதவிவிட்டீர்கள். தாமதம் வாடிக்கை என்ற பொருள் குறுக்கே வராமலிருக்க முதல் தடவை ‘நிலைய வாடிக்கை’ என்று முழுசாகச் சொல்லிவிட்டு, பிறகு சுருக்கலாம்.

சட்டச் சோதனையை நேற்று இரவு செய்து பார்த்தேன், ஏனென்றால் உண்மையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. நியூயார்க்கில் 104.3-இல் டபிள்யூஎன்சிஎன் என்ற செவ்வியல் இசை நிலையம். 1974 நவம்பரில் உரிமையாளர்கள் ஒரே நாளில் ராக்குக்கு மாற்றிப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். நேயர்கள் சும்மா இருக்கவில்லை, சங்கம் அமைத்துப் போராடி, கைமாறிய நிலையத்தில் 1975-இல் செவ்வியல் இசையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு பொதுவான கேள்வி எழுந்தது: ஃபார்மட்டை மாற்ற அரசின் தகவல்தொடர்பு ஆணையம் அனுமதி தர வேண்டுமா, சந்தையிடம் விட்டுவிடலாமா? 1981-இல் உச்சநீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பின் சாரத்தை நம் சொல்லில் எழுதினேன்:

“நிலைய வாடிக்கையைச் சந்தையின் போக்கிற்கு விட்டுவிடும் ஆணையத்தின் கொள்கை சட்டத்துக்கு முரணானதன்று. வாடிக்கை மாற்றத்தை ஒவ்வொரு முறையும் ஆய்வு செய்யும் கடமை ஆணையத்துக்கு இல்லை.”

எனக்கு உறுத்தவில்லை. ‘வடிவ மாற்றம்’ என்று எழுதியிருந்தால் அந்தச் சங்கத்துக்காரர்கள் எதை இழந்தார்கள் என்பதே புரிந்திருக்காது. (1993 கடைசியில் அதே 104.3 மறுபடியும் ராக்குக்குப் போய்விட்டது. இந்த முறை கேட்க ஆளில்லை, கேட்டாலும் சட்டம் இல்லை.)

கூடவே வரும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். திடீர் மாற்றத்துக்கு அவர்கள் சொல்லும் ‘ஃப்ளிப்’ என்பதை ‘புரட்டு’ என்று ஒருவர் பெயர்த்திருந்தார். தமிழில் புரட்டு என்றால் பித்தலாட்டம். நேயர் சங்கம் ஒப்புக்கொள்ளும், நாம் ‘வாடிக்கை மாற்றம்’ என்றே வைப்போம். மாற்றத்துக்கு முன்பு ஓரிரு நாள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், அல்லது ஜூலையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டு என்ன வரப்போகிறது என்று தவிக்கவிடுவார்கள். அதற்கு ‘போக்குக்காட்டு’. இதைவிடப் பொருத்தமாக எனக்குக் கிடைக்காது. ஒரு பாடல் எத்தனை மணிக்கொரு தடவை திரும்ப வர வேண்டும் என்ற கணக்குக்குச் ‘சுழற்சி’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு ‘முறைவைப்பு’ என்று மாற்றுகிறேன். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோலத்தான், டபிள்யூஏபிசி-யில் முதலிடத்துப் பாட்டு தலைமடை, நாற்பதாவது பாட்டு கடைமடை.

நிலையத்தின் பெயரைப் பாடும் குட்டி இசைத்துணுக்கு, ‘ஜிங்கிள்’, பாக்கி இருக்கிறது. ‘முத்திரைப்பண்’ என்று ஒரு யோசனை, ஆனால் மூன்று விநாடிக்கு அது கொஞ்சம் கனமான சொல். தனி இழையில் பேசலாம்.