18 நாள் பிள்ளை, உப்புத் தண்ணி, ஆடிக் காத்து: எப்படிக் குளிப்பாட்டணும்?

திசையன்விளை மருமவ:
அக்காமாரே, பிள்ளைக்கு 18 நாள் ஆச்சு. பொறந்தப்ப 2.9 கிலோ. தொப்புள்கொடி விழுந்து 3 நாள் ஆகுது. இதுவரைக்கும் துணிய நனைச்சுத் தொடச்சுதான் விட்டோம். நாளைல இருந்து ஆச்சி கால்ல போட்டுக் குளிப்பாட்டப் போறாங்க. எங்க போர் தண்ணி உப்பு, சோப்பு நுரைக்கவே செய்யாது. புறவாசல்ல மேல்காத்து ஆளத் தள்ளுது. வெந்நி எவ்வளவு சூடு இருக்கணும்? மூக்குல எண்ணெய் விடணும், சாம்பிராணி போடணும்னு ஆச்சி சொல்லுதாங்க. அவங்க மனசும் நோகக் கூடாது, பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது.

பாளை செவிலி:
தங்கச்சி, தொப்புள்ல சீழ், சிவப்பு, நாத்தம் இல்லேன்னா தாராளமா தண்ணி ஊத்தலாம். குளிச்சு முடிச்சதும் தொப்புள் குழிய துணி நுனியால ஒத்தி எடுங்க. மஞ்சள், வசம்பு, பவுடர் எதுவும் அதுல வைக்க வேண்டாம்.

தண்ணி 37 டிகிரி இருந்தாப் போதும். உள்ளங்கைய நம்பாதீங்க, வேலை செஞ்சு மரத்துப்போன தோலுக்குச் சூடு சரியாத் தெரியாது. முழங்கையை விட்டுப் பாருங்க: சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. வாளியில முதல்ல பச்சத்தண்ணி, அப்புறம்தான் கொதிச்ச தண்ணி. மாத்தி ஊத்தினா, கலக்க மறந்த அன்னைக்குப் பிள்ளை வெந்துபோகும். பச்சத்தண்ணி 30 டிகிரி வாக்குல இருந்தா 9 செம்புக்கு 1 செம்பு கொதிச்ச தண்ணி சரியா வரும். மார்கழிக் காலையில 25 டிகிரி இருந்தா 5 செம்புக்கு 1. அடி வரைக்கும் கையை விட்டுக் கலக்கிட்டுத்தான் முழங்கையை வைக்கணும். மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டித் தண்ணியை மத்தியானம் எடுத்தா வெந்நியே சேர்க்காம கூடச் சுடும், அதையும் சோதிச்சுக்கோங்க. பிள்ளை மேல தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கையில வாளியில வெந்நி சேர்க்கவே கூடாது.

மூக்கு எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். மூக்குல தண்ணி போனா பிள்ளை இருமித் தும்மி வெளியே தள்ளிரும். எண்ணெய் அந்த இருமலை எழுப்பாமலே வழுக்கிக்கிட்டு நுரையீரலுக்குள்ள இறங்கி, அங்கேயே தங்கி நிமோனியா ஆக்கும். காது, கண்ணுக்கும் வேண்டாம். மூக்குல வாயை வச்சு ஊதுததும் வேண்டாம். மார்க் காம்பு வீங்கியிருந்தா பால் எடுக்கேன்னு பிதுக்க விடாதீங்க. அது தாயோட ஹார்மோன்னால வர்றது, ஆம்பளப் பிள்ளைக்கும் வரும், சில வாரத்துல தானா வத்திரும். பிதுக்கினா சீழ் பிடிக்கும்.

பணகுடிக்காரர்:
தண்ணி விஷயம் மட்டும் சொல்லுதேன். கொதிக்க வச்சா உப்பு போயிரும்னு நினைக்காதீங்க. பாத்திரத்து அடியில படியுத சுண்ணாம்பு கொஞ்சம் கழியும், கரைஞ்ச உப்பு அப்படியேதான் இருக்கும். தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். அதுல சோப்புப் போட்டா சுண்ணாம்போட சேர்ந்து பிசுபிசுன்னு தோல்ல ஒட்டிக்கிடும். கழுத்து மடிப்புல சிவந்து, கால்ல வெள்ளையா வறண்டுபோறது பாதி அதனாலதான்.

ஒரு குளியலுக்கு மொத்தம் 8 முதல் 10 லிட்டர் போதும். தாமிரபரணி கூட்டுக்குடிநீர் வர்ற அன்னைக்கு ரெண்டு குடம் தனியா மூடி வைங்க. அவ்வளவும் முடியலேன்னா கடைசி ரெண்டு செம்பாவது அந்தத் தண்ணியா இருக்கட்டும். சோப்பு வாரம் ரெண்டு மூணு நாள் போதும், மத்த நாள் வெறும் தண்ணி. சோப்பில்லாத திரவ வாஷ் கடையில கிடைக்கும், அது உப்புத் தண்ணியில ஒட்டாது.

தென்காசி மதினி:
ஆச்சியைத் தடுக்க வேண்டாம் தங்கச்சி, முறையை மட்டும் கொஞ்சம் மாத்தினாப் போதும். கால்ல போடுதது நல்ல பிடிமானம்தான்.

புறவாசல் வேண்டாம். ஈர உடம்புல காத்துப் பட்டா நிமிஷத்துல உடம்பு குளிர்ந்துரும். அறைக்குள்ள மேற்குப் பக்கத்து ஜன்னலை அடைச்சு, ஃபேனை நிப்பாட்டி, தண்ணி வடிய அகலமான டப்பு ஒண்ணு வைங்க. ஆச்சி குட்டையான மணையில சுவர்ல சாஞ்சு உக்காரட்டும். ரெண்டு காலையும் ஒட்டி நீட்டி, முழங்காலுக்குக் கீழ இருக்குத கால் மேல துண்டு விரிக்கணும். வெறும் கால்ல எண்ணெய்ப் பிள்ளை வழுக்கும். தலை பாதத்துப் பக்கம், கழுத்துக்கு அடியில ஒரு சின்ன மடிப்பு. வெந்நிப் பாத்திரம் பக்கத்துலயே இருக்கக் கூடாது. எடுத்துக் கொடுக்க இன்னொரு ஆள் நிக்கணும்.

தேங்காயெண்ணெய் ஒரு டீஸ்பூன், கால் மணி நேரம் முன்னாடி. கடுகெண்ணெய் தோலை அரிக்கும். பால் குடிச்சு முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கணும், இல்லேன்னா கக்கும். தண்ணிய நாலு விரல் உயரத்துல இருந்து நெஞ்சு, வயிறு, கால்னு ஊத்தணும். கவுத்துப் போடும்போது முகம் ஒரு பக்கமாத் திரும்பி மூக்கு வெளியே தெரியணும். அந்த நேரத்துலதான் பேச்சு சுவாரஸ்யத்துல எல்லாரும் கோட்டை விடுவாங்க. தலைக்குக் கடைசியா ஊத்துங்க, நெத்தியில கையை அணை கட்டின மாதிரி வச்சு. தலையில இருந்துதான் சூடு ரொம்பப் போகும், முதல்லயே நனைச்சா குளியல் முழுக்கக் குளிரும். மூக்கை நீவுதது, மண்டையை உருட்டுதது, கையைக் காலை முறுக்குதது எதுவும் வேண்டாம். அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரணும்.

பயத்தமாவு கழுத்து, அக்குள், தொடை இடுக்குல தங்கிப் புண்ணாக்கும், பறந்து மூச்சுலயும் போகும். ஆறு மாசம் வரைக்கும் தள்ளி வைங்க. தொடைக்காம பவுடர் போடுததும் அப்படித்தான்.

திசையன்விளை மருமவ:
சாம்பிராணிக்கு என்ன சொல்லட்டும்? அழுதா உரம் விழுந்திருக்கு, அதாவது சுளுக்குப் பிடிச்சிருக்குன்னு சேலையில போட்டு உருட்டணும்ங்காங்க.

பாளை செவிலி:
தலை காயத்தானே சாம்பிராணி? பூந்துண்டால முதல்ல தலையத் துவட்டினா அஞ்சு நிமிஷத்துல காஞ்சிரும். சிரட்டைக் கரியும் புகையும் அந்தச் சின்ன மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆச்சிக்கு வாசம் வேணும்னா பிள்ளை இல்லாத அறையில, ஜன்னலைத் திறந்து வச்சுப் போடட்டும், புகை முழுக்கப் போன பிறகு பிள்ளையைக் கொண்டு போங்க.

சேலையில உருட்டுததுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க. தலை நிக்காத பிள்ளையை ஆட்டினா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். அழுகை நிக்கல, பால் குடிக்கல, காய்ச்சல் இருக்குன்னா நேரா ஆஸ்பத்திரி. குளிச்சதும் உதடு நீலிச்சாலும் நேரா ஆஸ்பத்திரிதான். பாதம் சில்லுன்னு இருந்தா உடனே துவட்டி, உங்க நெஞ்சோட தோல்ல தோல் பட அணைச்சுப் போர்த்திப் பால் கொடுங்க. கால் மணி நேரத்துல சூடு வரலேன்னா காட்டணும்.

திசையன்விளை மருமவ:
சரிக்கா. 45-ஆம் நாள் ஊசி போடுத அன்னைக்குக் குளிப்பாட்டலாமா?

பாளை செவிலி:
காலையில குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போங்க. அன்னைக்குத் தொடையில எண்ணெய் வேண்டாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம், வெந்நி ஒத்தடமும் வேண்டாம். வீங்கினா பச்சத்தண்ணியில நனைச்ச துணியை லேசா வைங்க. மறுநாள் காய்ச்சல் இல்லேன்னா வழக்கம் போல ஊத்தலாம்.