சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவத் துறை: அத்வைதத்துக்கு மட்டும்தானா?

கேள்வி: புதுமாணவி

தத்துவத்தில் முதுகலை படிக்க எண்ணியிருக்கிறேன். இளங்கலையில் தமிழ் இலக்கியம் படித்தவள். வடமொழியில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கே பழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவத் துறையைப் பற்றி விசாரித்தபோது, "அது இராதாகிருஷ்ணன் தொடங்கிய துறை, அங்கே அத்வைதத்தைத் தவிர வேறெதற்கும் இடம் இருந்ததில்லை" என்று என் உறவினர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். இது எவ்வளவு தூரம் சரி? அறிவியல் துறைக்கு ஆய்வகம் இருக்கிறது, தொல்லியல் துறைக்கு அகழாய்வுக் குழி இருக்கிறது. தத்துவத் துறையில் ஆய்வு என்ற பெயரில் அன்றாடம் நடப்பதுதான் என்ன? துறையின் வரலாறு தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பழைய ஏடு

உங்கள் உறவினர் சொன்னவற்றில் முதலாவது பிழை, இரண்டாவது பாதி உண்மை.

இராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1909-இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். ஆனால் 1918-இல் மைசூருக்கும் 1921-இல் கல்கத்தாவுக்கும் போய்விட்டார். பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை தொடங்கப்பட்டதோ 1927-இல். துறையோடு இணைந்த உயராய்வு நிறுவனத்துக்குப் பிற்காலத்தில் அவர் பெயரைச் சூட்டியதால், அவரே நிறுவனர் என்ற எண்ணம் பரவிவிட்டது.

துறையைக் கட்டி எழுப்பியவர் எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரி. 1942-இல் மறையும் வரை அவர் செய்த பணியைப் பார்த்தாலே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சுவடிக்குச் சுவடி வேறுபடும் பாடபேதங்களைப் பார்த்து மூலத்தைச் செப்பனிடுவது, வரிக்கு வரி ஆங்கிலத்தில் பெயர்ப்பது, எதிர்வாதி யார் என்று அடையாளம் கண்டு குறிப்பெழுதுவது ஆகியவையே அங்கு ஆய்வாக இருந்தன. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை, பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரர் எழுதிய பாஷ்யத்துக்கு வாசஸ்பதி மிச்ரர் எழுதிய விளக்கமான பாமதியின் முதல் நான்கு சூத்திரப் பகுதி, அப்பைய தீட்சிதரின் சித்தாந்தலேச சங்கிரகம் ஆகியவை இவ்வாறு வெளிவந்தன. பாமதியில் அவரோடு சேர்ந்து உழைத்தவர், அதே 1927-இல் தொடங்கிய வடமொழித் துறையைச் சேர்ந்த சி. குஞ்ஞன் ராஜா.

இந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சித்தாந்தலேச சங்கிரகம் ஒரே ஒரு சொல்லில் தொடங்குகிறது. ஆன்மாவைப் பற்றி "கேட்கப்பட வேண்டும்" என்கிறது உபநிடதம். அந்த "வேண்டும்" எத்தகைய விதி? நமக்குத் தெரியாத ஒன்றைப் புதிதாக ஏவுகிறதா, பல வழிகள் இருக்கும்போது இந்த வழியில்தான் செய்ய வேண்டும் என்று வரையறுக்கிறதா, வேறொன்றை விலக்குகிறதா? நெல்லின் உமியை நகத்தாலும் உரிக்கலாம். ஆனால் வேள்விக்குரிய நெல்லை உலக்கையால் குத்தியே உமி நீக்க வேண்டும் என்ற, வேத விதிகளை ஆராயும் மீமாம்சையின் பழைய எடுத்துக்காட்டு இரண்டாவது வகைக்கு உரியது. சங்கரருக்குப் பின்வந்த அத்வைத ஆசிரியர்கள் இதில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். மீமாம்சை தெரியாதவரால் இந்த முதல் பக்கத்தைக்கூட மொழிபெயர்க்க முடியாது. இதுதான் தத்துவத் துறையின் ஆய்வகம்.

சாஸ்திரிக்குப் பின் துறையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய டி.எம்.பி. மகாதேவன் காலத்தில்தான் அத்வைதச் சாய்வு வலுப்பட்டது. பாரதீதீர்த்த வித்யாரண்யரை முன்வைத்து அத்வைதம் பற்றி அவர் எழுதிய நூல் 1938-இல் வெளிவந்தது. 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு இத்துறையை உயராய்வு மையமாக ஏற்றதும், சங்கரரின் மாணவர் சுரேசுவரர் எழுதிய வார்த்திகங்கள் (செய்யுள் வடிவ விளக்கவுரைகள்) போன்ற கடினமான நூல்கள் அடுத்தடுத்து மொழிபெயர்க்கப்பட்டன. உங்கள் உறவினர் கேள்விப்பட்டது, துறைக்கு அந்தக் காலத்தில் ஏற்பட்ட பெயராக இருக்கும்.

மறுமொழி 2: பரபக்கம்

மேலே எழுதியவர் சாஸ்திரியின் சைவப் பணியை விட்டுவிட்டார். 1930-இல் அவர் வெளியிட்ட நூல் ஸ்ரீகண்டரின் சிவாத்வைதம் பற்றியது. பிரம்ம சூத்திரத்துக்குச் சைவ நோக்கில் எழுந்த உரையை ஆராய்வது. அதற்கும் மேலாக, மணிமேகலை கூறும் சாங்கியத்தைப் பற்றியும் அதில் வரும் பௌத்த அளவையியலை (தருக்கத்தை) பற்றியும் அவர் கட்டுரை எழுதியிருக்கிறார். தமிழ்க் காப்பியத்தை வெறும் கதையாகக் கொள்ளாமல் தத்துவ மூலமாகவே எடுத்து ஆராய்ந்தவரை அத்வைதப் பட்டியலில் மட்டும் அடைப்பது நியாயமில்லை.

அடுத்து, வி.ஏ. தேவசேனாபதி. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரையும் அதன் ஆறு உரைகளையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூலைப் பல்கலைக்கழகமே 1960-இல் வெளியிட்டது. ஆறு உரைகளையும் ஒன்றாக வைத்துப் படிப்பதன் பயன் முத்தி பற்றிய பகுதியில் தெரியும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்த ஞானப்பிரகாசர், முத்தியில் உயிர் சிவத்துக்குச் சமமாகும் என்றார். சிவஞான முனிவர் அதை ஏற்காமல், சிவசமவாத உரை மறுப்பு என்று தனியாகவே ஒரு நூல் எழுதினார். ஒரே செய்யுளை வைத்துக்கொண்டு இருவரும் இப்படி எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். இதைப் படிக்க வடமொழியைவிடத் தமிழ் உரைநடைப் பயிற்சிதான் முதலில் வேண்டும்; தமிழ் படித்து வருகிற உங்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது.

மறுமொழி 3: அளவை

இருவர் சொன்னதும் சரியே. ஆனால் துறையின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சைவ நூலை ஆராய்ந்தாலும் அத்வைத நூலை ஆராய்ந்தாலும் முடிவு ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. 1965-இல் தொடங்கிய துறையின் ஆண்டு மலரும் ஆங்கிலமே. உலக அரங்கில் அதனால் மதிப்புக் கூடியது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் சித்தியாரின் தமிழ்ச் செய்யுளைப் பற்றிய வாதத்தை ஒரு தமிழ் மாணவர் ஆங்கிலம் வழியாகப் போய்ப் படித்துவரும் நிலைமை எனக்கு இன்றும் உறுத்துகிறது. சைவ சித்தாந்தம், வைணவம் ஆகியவற்றுக்குத் தனித் துறைகள் வந்த பிறகும் இது முழுதாக மாறவில்லை.

புதுமாணவி

மூவருக்கும் நன்றி ஐயா. சேர்வதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் எதைப் படித்து வைக்கலாம்?

மறுமொழி 4: பரபக்கம்

மணிமேகலையில் "சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை"யை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அளவையியல் வரும் இருபத்தொன்பதாம் காதை. அடுத்ததாகச் சித்தியார் பரபக்கம். கண்ணால் காணும் உலகமே உண்மை என்னும் உலகாயதர் தொடங்கிப் பதினான்கு தரப்பினரை அருணந்தி சிவாசாரியார் ஒவ்வொருவராக நிறுத்தி மறுக்கிறார். மறுப்புக்கு முன்னால் எதிர்த்தரப்பை அவர் எடுத்துரைக்கும் பகுதியைத் தனியே குறிப்பெடுத்து வையுங்கள். தேவநாகரியையும் விடாமல் எழுதிப் பழகுங்கள். முதல் பருவத்திலேயே தேவைப்படலாம்.