கிளைடரால் புயல் கணிப்பு மேம்பட்டது என்பதை எப்படி நிரூபிக்கிறார்கள்?

கரும்பலகை:
பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். 2014 அக்டோபரில் அட்லாண்டிக்கில் வீசிய கான்சாலோ ஹரிக்கேனின் தீவிரக் கணிப்பு, போர்ட்டோ ரிக்கோவுக்கு வடக்கே கடலுக்குள் விட்டிருந்த கிளைடரின் (நீருக்குள் மூழ்கி எழுந்து வெப்பமும் உப்பும் அளக்கும் ஆளில்லாக் கருவி) அளவீடுகளால் மேம்பட்டது என்று படித்தேன். ஒரு புயல் ஒருமுறைதான் வரும். கிளைடர் இல்லாமல் அதே புயலை இன்னொரு முறை வரவழைக்கவா முடியும்? பிறகு எதை வைத்து இந்தப் பெருமை?

உவர்நீர்:
புயல் திரும்பி வர வேண்டாம் சார், கணிப்பைத் திரும்ப ஓட்டினால் போதும். கணிக்கும் கணினி மாதிரி ஒன்றுதான், தொடக்கக் காற்று நிலையும் ஒன்றுதான். ஒரு தடவை கிளைடர் தரவைச் சேர்த்து ஓட்டுவார்கள். மறு தடவை அதை மட்டும் மறைத்துவிடுவார்கள். எது உண்மையான புயலுக்கு அருகில் வருகிறது என்று பார்ப்பார்கள்.

கான்சாலோவில் விஷயம் உப்பில் இருந்தது. மேலடுக்கில் உப்புக் குறைந்த, லேசான நீர். காற்று எவ்வளவு கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்நீர் எளிதில் மேலே ஏறவில்லை. மேற்பரப்பு அதிகம் குளிராததால் புயலுக்குத் தீனி குறையவில்லை. கிளைடர் தரவு இல்லாத மாதிரிக்கு அந்த அடுக்கு சரியாகத் தெரியவில்லை. ஆனால் பாதைக் கணிப்பில் இவ்வளவு பலன் எதிர்பார்க்காதீர்கள்; புயலை இழுத்துச் செல்வது பெரும்பாலும் மேல்காற்றுதான்.

கரும்பலகை:
அப்படியென்றால் கடல் தரவைச் சேர்த்தால் புயல் எப்போதும் வலுவாகத்தான் தெரியுமா?

உவர்நீர்:
இல்லை. 2011இல் வந்த ஐரீன் ஹரிக்கேன் நேர்மாறு. கணிப்புகள் அதன் வலுவைக் கூட்டிச் சொல்லிவிட்டன. நியூ ஜெர்சி கரையோரம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளைடர் ஒன்று இருந்தது. ஆழமில்லாத அந்தக் கடலில் கோடையில் அடியில் குளிர்நீர் தங்கியிருக்கும். புயலின் கண் வந்து சேரும் முன்பே அது மேலே கலந்து மேற்பரப்பைக் குளிர்வித்துவிட்டது; புயலுக்குத் தீனி குறைந்தது. மேகம் மூடியிருக்கும்போது அகச்சிவப்புச் செயற்கைக்கோளுக்கு இது தெரியாது.

தூண்டில்முள்:
ஒரு தரவை மறைத்தும் கணிப்பு மாறவில்லை என்றால், அந்தக் கருவி வீண் செலவுதானே?

உவர்நீர்:
அவசரப்படாதீர்கள். கடலுக்குள் மூழ்கி எழுந்து வெப்பமும் உப்பும் அளக்கும் ஆர்கோ மிதவைகள் உலகெங்கும் ஏறக்குறைய 4,000 இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒருமுறைதான் மேலே வரும். அவற்றை மறைத்தால் கடல்மட்டம் அளக்கும் செயற்கைக்கோள் ஓரளவு ஈடுகட்டும். இரண்டையும் சேர்த்து மறைத்துப் பாருங்கள், அப்போது வலிக்கும். தவிர, ஒரே புயலை வைத்துத் தீர்ப்பெழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கான்சாலோவுக்கும் இது பொருந்தும்.

கரும்பலகை:
இன்னும் கடலில் இறக்காத கருவியை எப்படிச் சோதிப்பார்கள்?

உவர்நீர்:
ஒரு மாதிரியை நீண்ட காலம் ஓட்டி, அதையே 'உண்மைக் கடல்' என்று வைத்துக்கொள்வார்கள். அதிலிருந்து பொய் அளவீடுகளை, வேண்டிய பிழையும் கலந்து எடுத்து, இன்னொரு மாதிரிக்குக் கொடுப்பார்கள். அந்த இன்னொன்று நிஜமாகவே வேறொரு கணினி மாதிரிதானா என்பதை நான் முதலில் பார்ப்பேன். இரண்டும் ஒன்றே என்றால், தானே எழுதிய விடைத்தாளைத் தானே திருத்துவதுதான்; மதிப்பெண் தாராளமாக விழும்.