சென்னை ஐஐடியில் எம்.டெக்கா, எம்.எஸ்.ஸா? வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் தங்கை பி.இ. சிவில் முடித்து, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்விலும் தகுதி பெற்றிருக்கிறாள். சென்னை ஐஐடியில் மேலே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எந்தப் பட்டம் என்பதில்தான் வீட்டில் பேச்சு முடியவில்லை.

எம்.டெக். 2 ஆண்டு. பாடங்கள் அதிகம், கடைசியில் ப்ராஜெக்ட். இடம் கேட் மதிப்பெண்ணை வைத்துக் கிடைக்கும். எம்.எஸ். அப்படியில்லை. கேட் இருந்தாலும் துறையே நேர்காணல் வைத்துத்தான் எடுக்கும். பாடங்கள் குறைவு, ஆய்வேடுதான் முக்கியம். எப்போது முடியும் என்பது ஆய்வையும் வழிகாட்டிப் பேராசிரியரையும் பொறுத்தது. நடுவில் பிஎச்.டி.க்கு மாறவும் வழி உண்டு. தங்கைக்கு மண் இயக்கவியல் என்றால் உயிர். கல்லூரி ஆய்வகத்தை விட்டு வரவே மாட்டாள். அதனால் எனக்கு எம்.எஸ். பக்கம்தான் மனம் சாய்கிறது. அப்பாவோ சீக்கிரம் வேலைக்குப் போகட்டும் என்கிறார். அவர் கவலையும் நியாயம்தான்.

அங்கே எம்.எஸ். முடித்தவர்கள் இருக்கிறீர்களா? உங்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது? கட்டுமான நிறுவனங்கள் இரண்டு பட்டத்தையும் ஒன்றாகத்தான் பார்க்கின்றனவா? வழிகாட்டியைப் பற்றி முன்கூட்டியே யாரிடம், என்ன விசாரிக்க வேண்டும்? கிண்டி பொறியியல் கல்லூரியில் எம்.இ. படித்த அண்ணன்மார், அக்காமாரும் சொல்லுங்கள். கேட் மதிப்பெண்ணோடு, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர்க்கைக்கான டான்கா (TANCA) கலந்தாய்வுக்கும் போகலாம் என்று இருக்கிறோம்.