மறு: ஈருறுப்புப் பரவலின் ‘எதிர்பார்ப்பு’ – ‘தகவுச்சராசரி’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஈருறுப்புப் பரவல் (binomial distribution) என்பது, நிகழும் அல்லது நிகழாது என்ற இரண்டே விளைவுள்ள முயற்சியைப் பலமுறை செய்தால் எத்தனை முறை நிகழும் என்பதன் வாய்ப்புகளைத் தருவது. அதன் சராசரியைக் (expectation) குறிக்க ‘எதிர்பார்ப்பு’ என்ற சொல் பொருந்தவில்லை என்று நண்பர் சென்ற மடலில் எழுதியதை ஏற்கிறேன். அதற்கு மாற்றாக அவர் முன்வைத்த ‘நிகழ்சராசரி’யைத்தான் ஏற்க இயலவில்லை.

சேலத்தில் மாம்பழப் பருவம் வந்ததும் வகுப்பில் நான் தரும் கணக்கு ஒன்று உண்டு. வைக்கோல் பரப்பிய பெட்டியில் 12 மல்கோவா இருக்கின்றன. ஒவ்வொன்றும் அழுகியிருப்பதற்கான நிகழ்தகவு 0.1 எனக் கொண்டால், இரண்டையும் பெருக்க ‘எதிர்பார்ப்பு’ 1.2 எனக் கிடைக்கிறது. “1.2 பழம் அழுகும் என்று யார் சார் எதிர்பார்ப்பார்கள்?” என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானதே. ஒன்றும் அழுகாதிருக்க வாய்ப்பு ஏறத்தாழ 0.28, ஒன்று மட்டும் அழுகியிருக்க 0.38, இரண்டு அழுகியிருக்க 0.23, 1.2 என்பதோ எந்தப் பெட்டியிலும் காணக்கிடைக்காத எண். பெட்டிகள் பலவற்றைப் பிரித்து எண்ணினால், பெட்டிக்கு எத்தனை என்பது நெருங்கிச் செல்லும் இடம் அது.

பழமண்டிக்காரர் ஒருவர் இதைக் கேட்டால், அழுகல் பக்கத்துப் பழத்துக்குத் தொற்றுமே என்று மடக்குவார். தொற்றினால் சார்பின்மை (ஒரு பழத்தின் நிலை மற்றொன்றைப் பாதிக்காமை) போய்விடும், பரவல் ஈருறுப்பாக இராது, சராசரியிலிருந்து மதிப்புகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் பரவற்படியும் (variance) மாறும். ஆனால் தொற்றையும் சேர்த்தே ஒவ்வொரு பழத்துக்கும் நிகழ்தகவு 0.1 என்றால் 1.2 அசையாது; சராசரிகளைக் கூட்டச் சார்பின்மை தேவையில்லை.

இனி, ‘நிகழ்சராசரி’ வினைத்தொகை. நிகழ்ந்த, நிகழ்கின்ற, நிகழும் சராசரி என்று விரியும் அச்சொல்லை, நிகழவே முடியாத 1.2க்குச் சூட்டினால் அந்த மாணவியிடம் மறுபடியும் மாட்டிக்கொள்வோம்.

ஆகவே ‘தகவுச்சராசரி’ என்பதை முன்வைக்கிறேன். ஒவ்வொரு மதிப்பையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டுவது என்ற செய்முறை இதில் தெரிகிறது. தகவுக்கு நடுவுநிலை என்ற பழம்பொருளும் உண்டு. 1657இல் சூதாட்டக் கணக்குகளை ஆராய்ந்த டச்சு அறிஞர் ஹைஜென்சும் (Huygens), ஆட்டத்தில் ஒருவருக்கு நியாயமாகச் சேரவேண்டிய பங்கைத்தான் தேடினார். பாடநூல்கள் ‘எதிர்பார்ப்பு’ வழியிலேயே பழகிவிட்டதால், சில காலம் இரண்டையும் அருகருகே எழுத நேரலாம்.

‘நெசவுத்தொழில்’ போல வல்லினம் மிகுத்துச் சேர்த்தே எழுதியிருக்கிறேன். பிரித்து எழுதவேண்டும் என்போர் காரணத்துடன் தெரிவிக்கவும்.