கொச்சியில் ஒரு மஸ்டாங், 48 லட்சம்: இப்போதே வாங்கவா, வரி குறையட்டும் என்று பொறுக்கவா?

காற்றாலைக்காரன் (வள்ளியூர்)

அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, கேள்வி கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 43. பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு கிரேன் வாடகைக்கு விடுகிறேன். தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: வைகாசியிலிருந்து புரட்டாசி வரை காற்று அடித்து நொறுக்கும்போது காற்றாலை முதலாளிகளுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குப் பட்டினி. அந்தக் காற்றில் கிரேனின் நீண்ட கையை நீட்டி, அவ்வளவு உயரத்திலிருந்து கியர்பாக்ஸை இறக்க எவனும் துணிய மாட்டான். ஐப்பசிக்கு மேல்தான் பழுது பார்க்கிற வேலை குவியும், காசும் வரும். போன சீசன் நன்றாகவே போனது. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. கிரேன் தவணை மட்டும் ஓடுகிறது.

வீட்டில் ஒரு இன்னோவா, சைட்டுக்கு ஒரு பொலிரோ. இரண்டும் பிழைப்புக்கு. எனக்கே எனக்கென்று ஒரு வண்டி கிடையாது. கல்லூரி நாளிலிருந்து வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் சத்தம் என்றால் உயிர். இப்போது கொச்சியில் 2017 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிவப்பு நிறம், ஒரே ஓனர், 31,000 கிலோமீட்டர். 48 லட்சம் சொல்கிறார். 45-க்கு இறங்குவார் என்று தரகர் ஜாடை காட்டினார். என் கையில் 30 இருக்கிறது. மீதிக்கு லோன் போடலாம் என்று நினைப்பு.

பொறுக்கலாமோ என்றும் தோன்றுகிறது. ஐரோப்பாவோடு வர்த்தக ஒப்பந்தம் வந்துவிட்டது, வெளிநாட்டுக் காரெல்லாம் பாதி விலைக்கு வரப்போகிறது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். மகள் பிளஸ் டூ வேறு. அப்பாவிடம் சொன்னேன், "அந்தக் காசுக்கு வடக்கன்குளத்துல இடத்த வாங்கிப் போடுல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வீட்டுக்காரி தடுக்கவில்லை. "கோயில் கொடைக்கு அதுல போக முடியுமான்னு மட்டும் பாத்துக்கிடுங்க" என்றாள். எங்கள் சாஸ்தா கோயில் தேரிக்காட்டுக்குள் இருக்கிறது. அந்தச் செம்மண்ணில் இன்னோவாவே முக்கும்.

இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா? "எஸ்யூவி வாங்கு" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

நாரோயில் மக்கா (நாகர்கோவில்)

வாங்கும்வே. அந்தக் காரில் சீட்டு எவ்வளவு தாழ்வு என்று பார்த்திருக்கிறீரா? ஐம்பதுக்கு மேல் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். பொறுத்தால் விலை குறையுமோ என்னவோ, முட்டு வலி நிச்சயம்.

கல்லிடை அப்பளம் (கல்லிடைக்குறிச்சி)

தம்பி, நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கார் பற்றி அதிகம் தெரியாது, கணக்கு தெரியும்.

முதலில் அந்தப் "பாதி விலை" பேச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27 அன்று அறிவித்தார்கள். 110 சதவீதம் வரை இருக்கிற இறக்குமதி வரி, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் என்ற கோட்டாவுக்குள், படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்கும் என்பது செய்தி. "படிப்படியாக" என்பதையும் "கோட்டா" என்பதையும் யாரும் காதில் வாங்குவதில்லை. கோட்டா என்பது கல்யாண வீட்டு முதல் பந்தி மாதிரி. அதில் உட்காருகிறவர்கள் மும்பைக்காரர்களும் டெல்லிக்காரர்களும். நாம் இலை போடும் முறைக்குக் காத்திருக்க வேண்டும். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் கார்களுக்குக் கோட்டா உண்டு.

இன்னொன்று. நீங்கள் கேட்கிற மஸ்டாங் ஐரோப்பியக் காரே இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளாட் ராக் ஆலையில் செய்தது. ஐரோப்பிய ஒப்பந்தம் அதன் வரியைத் தொடாது. ஆனால் அதன் பழைய விலையைத் தொடும், அதைத்தான் கவனிக்க வேண்டும். இன்றைக்கு 45 லட்சம் வைத்துக்கொண்டு வேகக் கார் தேடுகிறவனுக்குக் கடையில் வழி குறைவு. 2025 மே மாதம் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, ஜெர்மனியிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியானது, வந்தபோது எக்ஸ் ஷோரூமே 53 லட்சம். அந்த மாதிரி வண்டி நாளைக்கு நாற்பதுக்குள் வந்துவிட்டால், ஒன்பது வயது மஸ்டாங்குக்கு 48 கொடுக்க எவன் வருவான்? ஆக, வாங்குகிறவனுக்குப் பொறுமை லாபம், விற்கிறவனுக்கு அவசரம். தரகர் ஜாடை காட்டினார் என்றீர்களே, அது இதனால்தான்.

ஜிஎஸ்டி இன்னும் குறையும் என்று காத்திருக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22-இல் செஸ் என்ற கூடுதல் வரியை எடுத்துவிட்டுப் பெரிய கார்களுக்கு ஒரேயடியாக 40 சதவீதம் ஆக்கினார்கள். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 50 வரை இருந்தது. அந்த இறக்கம் நடந்து முடிந்துவிட்டது.

இப்போது உங்கள் லோன். இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். பழைய காருக்கு வட்டி புதுக் காரைவிட எப்போதும் கூடுதல். அதோடு, கடன் முடியும் நாளில் வண்டிக்கு வயது எவ்வளவு என்று வங்கியில் பார்ப்பார்கள். பத்தைத் தாண்டினால் பல இடங்களில் கையெழுத்து விழாது. 2017 வண்டிக்கு நீண்ட தவணை கிடைக்காது, கிடைத்தால் மாதத் தொகை கழுத்தை நெரிக்கும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வைகாசி முதல் புரட்டாசி வரை வரும்படி இல்லை என்று. அந்த மாதங்களில் கிரேன் தவணையோடு இதையும் எங்கிருந்து கட்டுவீர்கள்? மகள் சேர்க்கை வருவதும் அந்த மாதங்களில்தான்.

கையில் உள்ள பணத்துக்குள் அடங்கினால் வாங்குங்கள். லோன் போட்டுத்தான் என்றால் வேண்டாம்.

பாளை ஸ்பானர் (பாளையங்கோட்டை)

மேனேஜர் சார் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் அடிப்பக்கம் சொல்கிறேன்.

தம்பி, 2017 கொச்சி வண்டி என்றதும் எனக்கு முதலில் வந்த கேள்வி: 2018 ஆகஸ்ட்டில் அது எங்கே நின்றது? அந்த வெள்ளத்தில் ஆலுவா, பறவூர் பக்கம் எத்தனை நல்ல வண்டி மூழ்கியது தெரியுமா? ஓனர் ஃபிளாட் மூன்றாம் மாடியாக இருக்கும், கார் நின்றது அடித்தளத்தில். நம் ஊரிலேயே 2023 டிசம்பரில் பார்த்தோமே. வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் பக்கம் நின்ற வண்டிகள் ஷெட்டுக்கு வந்தபோது வெளியே பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடி முனையில் ஒரு கோடு போட்டாற்போல் வண்டல். அந்த இடத்தை எவனும் கழுவுவதில்லை. கொச்சிக்குப் போனால் நீங்களும் அதையே செய்யுங்கள், நாலு பெல்ட்டையும். பிறகு டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி, சீட் அடியில் இருக்கிற போல்ட்டுகளைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்திருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

வண்டி சுத்தமாக இருக்கிறது என்றே வைப்போம். 4,951 சிசி, எட்டு சிலிண்டர், டர்போ கிடையாது. இன்ஜின் பாவம், எதையும் தாங்கும், அதில் எனக்கு மரியாதை உண்டு. தொந்தரவு சுற்றியுள்ள சமாச்சாரம். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. ஃபிகோ, எக்கோஸ்போர்ட் சாமானுக்குத் தட்டுப்பாடு பெரிதாக இல்லை. மஸ்டாங்குக்கு மட்டுமே உள்ள சாமான், ஹெட்லைட், பம்பர், சஸ்பென்ஷன் ஆர்ம் இதெல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். டயர் 19 அங்குலம், முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு. சுற்றி மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்ட வழியில்லை. பின் சக்கர இழுவை என்பதால் பின் டயர் சீக்கிரம் தீரும்.

பெட்ரோல் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. அந்த வண்டி அதற்கு முந்தைய காலத்தது. தினமும் ஓட்டினால் பெரிதாகத் தெரியாது. ஆனால் நீங்கள் வாரக் கணக்கில் நிறுத்தி வைத்து எப்போதாவது எடுக்கப்போகிறவர். டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைத்தால் எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பர் ஹோஸைப் பதம் பார்க்கும்.

கடைசியாக ரோடு. வள்ளியூரிலிருந்து நாலு வழிச்சாலையில் ஏறினால் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும்போது பக்கவாட்டில் அடிக்கிற காற்றை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புளியரை மலைப்பாதைக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டால், கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப் போகிற லாரிக்குப் பின்னால் முதல் கியரில் நகர வேண்டும். உங்கள் தெருவில் இருக்கிற வேகத்தடையை ஒரு நாள் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். உயரத்துக்கு இலக்கணம் எல்லாம் நம் பக்கம் கிடையாது.

வாங்காதே என்று சொல்லவில்லை. 48-க்கு வாங்காதே என்கிறேன்.

குற்றாலச் சாரல் (தென்காசி)

தம்பி, ஒரு மாற்று யோசனை. நான் ஓட்டுவது ஃபோக்ஸ்வாகன் விர்ச்சுஸ் ஜிடி, ஒன்றரை லிட்டர் டர்போ, 150 குதிரைசக்தி. ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று சிரிப்பீர்கள், சரி. ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி போகிற ரோடு நாலு வழியான பிறகு, காலையில் வெறிச்சென்று இருக்கும்போது அதுவே எனக்குப் போதும். ஊர் வேகத்தடையில் அடி தட்டாமல் ஏறி இறங்கும்.

பெரிய இன்ஜின்தான் வேண்டும் என்றால் பிஎம்டபிள்யூ எம்340ஐ பாருங்கள். ஆறு சிலிண்டர், நூறைத் தொட நாலரை நொடிகூட ஆகாது, பின்னால் மூன்று பேர் உட்காரலாம். சென்னைப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையிலேயே பூட்டுகிறார்கள். உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டுவதால் ஏற்கெனவே குறைந்த வரிதான். ஒப்பந்தம் வந்தாலும் அதன் விலை தலைகீழாக மாறாது, ஆகவே அதற்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. புதிது எழுபது லட்சத்துக்கு மேல். 2021-இல்தான் வந்தது என்பதால் பழையதிலும் ரொம்பக் கிழடு இருக்காது.

காற்றாலைக்காரன் (வள்ளியூர்)

எல்லோருக்கும் நன்றி. அக்கா, எம்340ஐ ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வேகம் பயங்கரம். ஆனால் வெளியே நின்று பார்த்தால் மாமனார் வண்டி போல் இருக்கிறது. மன்னிக்கவும்.

ஸ்பானர் அண்ணாச்சி, 2018 விஷயம் என் மண்டைக்கு எட்டவே இல்லை. தரகரிடம் கேட்டேன். "அப்போது சர்வீஸில் இருந்தது" என்கிறார். எந்த சர்வீஸில் என்றால் பதில் வரவில்லை.

மேனேஜர் சாருக்கு ஒரு கேள்வி. கேரளப் பதிவெண்ணை மாற்ற எவ்வளவு ஆகும்?

கல்லிடை அப்பளம் (கல்லிடைக்குறிச்சி)

அங்கே ஆர்டிஓ-வில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வந்து ஆயுள் வரி கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்குத் தமிழ்நாட்டில் 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். ஆனால் இந்தியாவுக்கு வந்தபோதே 65 லட்சம் விலை போட்ட வண்டி, குறைத்தாலும் லட்சக்கணக்கில்தான் நிற்கும். கேரளாவில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். அது கிடைக்கிறபோது கிடைக்கும், அதை நம்பி விலை பேசாதீர்கள். நேரடியாக ஓனரிடம் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத இன்சூரன்ஸ் இந்த வயது வண்டிக்குக் கிடைக்குமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள், பல கம்பெனிகள் தயங்கும்.

காற்றாலைக்காரன் (வள்ளியூர்)

சரி, இப்படி முடிவு செய்திருக்கிறேன். லோன் இல்லை. பதிவு மாற்றத்துக்கு ஒதுக்கியது போக 27 லட்சம் வரை போவேன். அதற்கு அவர் சிரித்தால் சிரிக்கட்டும், மகள் சேர்க்கை முடிந்து அடுத்த தை மாதம் மறுபடி கேட்பேன். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் அவருக்கு வாழ்த்துகள். பார்க்க மட்டும் இந்த வாரமே போகிறேன், சத்தமாவது கேட்டுவிட்டு வரலாம்.

ஸ்பானர் அண்ணாச்சி, கூட வருகிறீர்களா? போக்குவரத்து என் செலவு.

பாளை ஸ்பானர் (பாளையங்கோட்டை)

ஞாயிறு என்றால் வருகிறேன். இன்னோவாவை எடுங்கள், லிஃப்ட் இல்லாத இடத்தில் காட்டினால் ஜாக்கி வேண்டும். 27-க்கு அவர் சிரிக்கத்தான் செய்வார். அந்த சர்வீஸ் பில்லைக் கேட்டால் சிரிப்பு நிற்கும்.